இன்னும் இரண்டு தண்ணீர்

குழாய் வாயில் தண்ணீர் இருமத் தொடங்கியதை முதலில் கேட்டவள் கிளியம்மாள்தான். வரப்பில் குனிந்து மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவள், அரிவாளைப் பிடித்த கையோடு நிமிர்ந்தாள். சற்று முன்புவரை குழாய் நிறையக் கொட்டிய தண்ணீர் மணிக்கட்டு கனத்துக்குச் சிறுத்து, நின்று, காற்றைத் துப்பி, மறுபடியும் கொஞ்சம் வந்தது. பிறகு கிணற்றுக்குள் மோட்டார் மட்டும் வெறுமனே அலறிற்று.

"மாமா! மோட்டார நிறுத்து! காத்து இழுக்குது!"

கழனியின் மறுகோடியில் மடை திருப்பிக்கொண்டிருந்த அவள் புருஷன் முனிரத்தினம், மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அவன் சுவிட்சுப் பெட்டியைத் தொடுவதற்குள் கிணற்றிலிருந்து கருகிய வாடை மேலே வந்துவிட்டது. இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்தவன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"பூட்ச்சி. காயிலு எரிஞ்சி பூட்ச்சி."

அது எண்பத்து மூன்றாம் வருஷத்துப் பங்குனி. கோவிலம்பாக்கத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் மேகத்தைக் காட்டிவிட்டுக் கடல்பக்கமே போய்விட்டன. அதற்கு முந்தின வருஷமும் மழை அரையும் குறையும்தான். ஏரி மாசியிலேயே பாளம் பாளமாக வெடித்துவிட்டது. மதகடியில் பையன்கள் பந்து விளையாடினார்கள். ஊரில் பாதிப் பேர் அந்த வருஷம் நவரைப் பட்டத்து நெல் வைக்கவில்லை. முனிரத்தினம் வைத்தான். அவன் கிணற்றை நம்பினான்.

பெரிய சதுரக் கிணறு அது. மேலே பாதி கருங்கல் கட்டு, கீழே பாறை. கல்கட்டு முடிகிற இடத்தில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்குத் திட்டு உண்டு. மேட்டிலிருந்து மோட்டார் உறிஞ்ச முடியாத ஆழத்துக்குத் தண்ணீர் இறங்கியதும், போன கோடையில் அவன் மோட்டாரைத் திட்டுக்கு இறக்கினான். தண்ணீர் அதற்கும் கீழே போய்க்கொண்டிருந்தது. கரண்டோ பகலில் கொஞ்ச நேரம், அதுவும் விளக்கு சிவப்பாக எரிகிற பலத்தில்தான் வரும். அந்தக் கரண்டில்தான் காயில் எரிந்தது.

பல்லாவரத்தில் காயில் கட்டுகிற கடைக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பினான். கடை வாசலில், சுற்று வட்டார ஊர் மோட்டாரெல்லாம் செத்த ஆடுகளை அடுக்கியது போலக் கிடக்கிறது என்றான். அவன் முறை வருவதற்குள் பயிர் செத்துவிடும்.

கதிர் பால் பிடிக்கிற சமயம். கிளியம்மாள் ஒரு கதிரைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தாள். விரலில் வெள்ளையாக ஒட்டியது. இந்த ஈரம் மட்டும் காய்ந்தால் அத்தனையும் பதர்.

மறுநாள் காலை கீரைக் கூடையைத் தூக்கிக்கொண்டு நங்கநல்லூருக்குப் போனாள். கிணற்றடியில் குடத்தால் ஊற்றி வளர்த்த அரைக்கீரை, முளைக்கீரை. அதுவும் கட்டு சிறுத்துப் போயிருந்தது. காலனியில் அவளுக்கு வாடிக்கை வீடுகள் உண்டு. முதல் வீடு சுந்தரவல்லி மாமி வீடு. மாமி வாசலில் பிளாஸ்டிக் குடங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீரை அப்பறம் கிளி. மொதல்ல லாரி வரட்டும். எங்காத்துக் கெணறு சுத்தமா வத்திடுத்து. முனிசிபாலிடி குழாய்ல காத்துதான் வரது. லாரி மட்டும் இல்லேன்னா நாங்கள்லாம் வீட்டைப் பூட்டிண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்."

லாரி வந்தது. தொட்டியின் மேல்மூடியிலிருந்து தண்ணீர் தளும்பி, வழியெல்லாம் கோலம் போட்டுக்கொண்டு வந்தது. ஓட்டி வந்தவன் லாசரஸ், மடிப்பாக்கத்துக்காரன். கிளியம்மாளைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பினான். அவன் தண்ணீர் ஏற்றுகிற இடம் அவளுக்குத் தெரியும். அவர்கள் கழனிக்கு அடுத்த கழனி, அரிகிருஷ்ணனுடையது. அரிகிருஷ்ணன் பயிரை விட்டுவிட்டு நட்டநடுவே ஆழமாகப் போர் போட்டு, காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை லாரிகளுக்குத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தான்.

மாமி குடங்களை உள்ளே அனுப்பிவிட்டு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கே. குடி. உங்க ஊர்த் தண்ணிதான், தித்திப்பா இருக்கு."

கிளியம்மாளுக்குத் தாகம். அண்ணாந்து குடித்தாள். அந்தப் பக்கத்துப் பாறைத் தண்ணீருக்கே உள்ள மெல்லிய துவர்ப்பு நாக்கில் பட்டது. பாதியில் சொம்பை இறக்கிவிட்டாள். பூமிக்கடியில் எங்கேயோ ஒரு ஓட்டை வழியாகத் தன் கிணறு சொட்டுச் சொட்டாக இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்துகொண்டிருப்பது போலத் தோன்றியது. மாமியைச் சொல்லி என்ன? அவளுக்கும் சோறு வடிக்கத் தண்ணீர் வேண்டாமா?

லாரிக்குப் பக்கமாகப் போகும்போது லாசரஸ் தாழ்ந்த குரலில் சொன்னான்: "நான் ஓட்டலன்னா இன்னொருத்தன் ஓட்டுவான்க்கா. எனக்கும் புள்ளைங்க கீது."

"நான் ஒண்ணியும் கேக்கலியே."

"கேக்காமப் பாக்கறியே, அதான் பேஜாரா கீது."

ஊருக்குத் திரும்புகிற வழியில் அரிகிருஷ்ணனே எதிர்ப்பட்டான். வெள்ளை வேட்டி, தோளில் டர்க்கி டவல். கெட்டவன் இல்லை, ஊரில் யார் வீட்டுச் சாவென்றாலும் முதலில் வந்து நிற்கிறவன்.

"மோட்டார் எரிஞ்சி பூட்ச்சாமே? முனிரத்தினத்தாண்ட நீயாவது சொல்லும்மா. நெல்லு வெச்சி இன்னாத்தக் கண்டீங்க? ஒரு போகம் பூரா மாரடிச்சிப் பாக்கறத, தண்ணி ஒரு வாரத்துல குடுக்குது."

"உன் போரு இழுக்க இழுக்க எங்க கிணறு எறங்குது அண்ணா. அத்த வுட்டுட்டு எங்கிட்ட புத்தி சொல்றியே."

"நான் நிறுத்திட்டா ஏறிடுமா? எனக்கு அப்பால மேடவாக்கம் வரைக்கும் போட்டுகினு கீறான். எல்லாரும் ஒரே பானையில ஸ்ட்ரா வுட்டு உறியறோம். மய பேயலன்னா நானுந்தான் காலி."

அவன் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அவன் கண்ணிலும் பயம் இருந்ததைக் கிளியம்மாள் பார்த்தாள். அதுதான் அவளை இன்னும் கலக்கிற்று.

சாயங்காலம் பொழுதோடே எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. முனிரத்தினம், அவன் தம்பி ஜெயவேலு. ஜெயவேலு கிண்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவன். அவன் பெண்சாதி அம்மணிக்கு மாசம் நெருங்கியிருந்தது. காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். கிளியம்மாளின் பெண்கள் இரண்டு பேரும் முன்பே தின்றுவிட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

முனிரத்தினம் களியைப் பிட்டபடியே சொன்னான்: "மேடவாக்கத்துல ஆயில் இன்ஜின் வாடகைக்குச் சொல்லிட்டேன். காலையில வந்துடும். திட்டுல எறக்கி ஓட்டிடலாம்."

"திட்டுலயா? கெணத்துக்குள்ளயா?" என்றாள் கிளியம்மாள்.

"மேல வெச்சா உறியாதே. அவ்ளோ ஆயத்துலேர்ந்து எந்த இன்ஜின் இழுக்கும்?"

"டீசல் பொகை எங்க போவும்?"

"பொகை மேலதான போவும். கீயவா போவும்?"

"பொகைக்கொயாய் இருக்கில்ல, அத்த மேல இழுத்து வுட்டுடலாம் அண்ணி," என்றான் ஜெயவேலு.

கிளியம்மாள் குழம்புச் சட்டியைத் தரையில் வைத்தாள். "எங்க சித்தி ஊர்ல, திருப்போரூர்ப் பக்கம், போன கோடையில இப்டித்தான் எறக்கினாங்க. அண்ணன் எறங்கினான், வரல. இன்னாடா அண்ணனக் காணோமேன்னு தம்பி எறங்கினான். அவனும் வரல. அப்பால மச்சான்காரன். மூணு பேரையும் ஒண்ணாப் படுக்க வெச்சிருந்தாங்கன்னு சித்தி சொல்லச்சொல்ல எனக்கு ஈரக்கொலையே நடுங்கிச்சி."

"அது கெணத்து முனி வேலைக்கா," என்றாள் அம்மணி மெதுவாக.

"முனி இல்லடி. பொகை."

முனிரத்தினம் கையைக் கழுவினான். குரலை உயர்த்தவில்லை. "தா பாரு. இன்னும் ரெண்டு தண்ணி. ரெண்டே தண்ணி காட்டிட்டாக்கா கதிரு முத்திக்கும். இத்தினி நாளு ரத்தத்தக் கொட்டி வளத்துட்டு இப்பப் போயி மாட்டுக்கு அறுத்துப் போடச் சொல்றியா? அப்பால இந்த நெலத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? பிளாட்டுக்காரனுக்குக் குடுத்துட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போவவா?"

கிளியம்மாளும் அந்தப் பயிருக்குக் களை எடுத்தவள்தானே. "பொகைக்கொயாய் மேல வரைக்கும் வரணும். இல்லாங்காட்டி நான் ஒத்துக்கமாட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

காலையில் இன்ஜின் மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. பனங்கட்டைகளை முக்காலியாக நிறுத்தி, சங்கிலிக் கப்பி மாட்டி, ஊர் ஆட்கள் நாலைந்து பேர் கூடி அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். ஜெயவேலு லீவு போட்டுவிட்டு நின்றான். இன்ஜினோடு வந்த புகைக்குழாய் கிணற்றில் பாதி உயரத்துக்குத்தான் எட்டியது. வேறு குழாய்க்குப் பல்லாவரம் போக வேண்டும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"பாதி தூரம் வந்துட்ச்சில்ல, மீதிய அதுவே ஏறிக்கும்," என்றான் முனிரத்தினம்.

"மாமா, சொன்னேனே..."

"இன்ஜின ஸ்டார்ட் பண்ணிட்டு ஒடனே மேல வந்துடறேன். கீய நிக்கப் போறது யாரு?"

சொன்னபடியே செய்தான். படிக்கல் வழியாக இறங்கி, கைப்பிடியைச் சுழற்றி, இன்ஜின் பிடித்துக்கொண்டதும் விறுவிறுவென்று ஏறி வந்துவிட்டான். டக்டக்கென்று கிணறு முழுக்க அதிர்ந்தது. கருப்புப் புகை ஒன்றிரண்டு முறை எழும்பி, பிறகு வெளுத்துவிட்டது. குழாய் வாயில் தண்ணீர் குபீரென்று வந்து விழுந்தது.

வாய்க்காலில் தண்ணீர் ஓடியதும் கிளியம்மாளுக்கே பயம் மறந்தது. சூடேறிய மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம், அதிலிருந்து எழும்பிய வாசனை, கணுக்காலில் பட்ட குளிர்ச்சி எல்லாம் சேர்ந்து அவள் சிரித்துவிட்டாள். கப்பி இழுத்த ஆட்களுக்குக் கூழ் ஊற்றி அனுப்பினாள். முனிரத்தினம் பாத்திக்குப் பாத்தி மடை திருப்பினான். பாதிக் கழனி நனைந்திருக்கும். குழாய் மறுபடியும் இருமியது.

"கொயாய் அடியில கீற புட்வால் தண்ணிக்கு மேல வந்துட்ச்சி. கொஞ்சம் கீய தள்ளிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு முனிரத்தினம் கிணற்றுப் பக்கம் போனான். இன்ஜினை நிறுத்தினால் மறுபடியும் பிடிக்கிறதற்குள் பொழுது போய்விடும் என்று ஓடவிட்டே இறங்கினான். கிளியம்மாள் கழனிக்கு நடுவில் இருந்தாள். அவள் காதில் அவன் சொன்னது பாதிதான் விழுந்தது.

தண்ணீர் மறுபடி சீராக வரும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை. மண்வெட்டியை வைத்துவிட்டுக் கிணற்று மேட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

முனிரத்தினம் திட்டில் உட்கார்ந்திருந்தான். களைத்துப்போன ஆள் சுவரில் சாய்கிற மாதிரி, காலை நீட்டி, தலையைப் பாறையில் சாய்த்திருந்தான். ஒரு கை இன்ஜின் பக்கமாக நீண்டிருந்தது.

"ஏன் மாமா அங்க குந்திகினு கீற? மேல வா!"

இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்தாள். சிறு கல் ஒன்றை எடுத்து அவன் காலருகே போட்டாள். கல் அவன் தொடையில் விழுந்து உருண்டது. கால் அசையவில்லை. அடுத்த கல்லைக் கொஞ்சம் வேகமாகவே போட்டாள். அது தோளில் பட்டது. தலை மட்டும் சாய்ந்தவாக்கில் இன்னும் கொஞ்சம் சரிந்தது.

அவளுக்கு வயிற்றிலிருந்து எழும்பிய சத்தம் என்னவென்று அவளுக்கே தெரியாது. கழனியை ஒட்டிய வீட்டு வாசலில் கட்டிலில் சாய்ந்திருந்த ஜெயவேலு ஓடிவந்தான். எட்டிப் பார்த்தவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, முதல் படிக்கல்லில் காலை வைத்தான்.

கிளியம்மாள் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"வுடு அண்ணி! எங்கண்ணன் அங்க கெடக்கறான்!"

"எறங்காதடா! இன்ஜின் ஓடுது! எறங்கினா நீயும் அங்கதான்!"

"வுடுன்றேன்!"

அவன் முழங்கையால் அவளை இடித்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் விடவில்லை. அவனைப் பின்னால் சாய்த்து, விழுந்தவன் கால்மேல் ஏறி உட்கார்ந்து, தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கீழே கிடப்பவன் அவள் புருஷன். அவள் பார்வையெல்லாம் அங்கே இருந்தது. கை மட்டும் இங்கே இவனை அழுத்திக்கொண்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த அம்மணி, இருவரையும் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் வரப்பிலேயே உட்கார்ந்து அலறினாள். அந்த அலறலைக் கேட்டுத்தான் பக்கத்துக் கழனியிலிருந்து அரிகிருஷ்ணனும் லாசரஸும் ஓடிவந்தார்கள்.

லாசரஸ் எட்டிப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். "அந்த இன்ஜின நிறுத்தாம ஒருத்தரும் எறங்கக்கூடாது."

"எறங்காம எப்டி நிறுத்தறது?" என்று கத்தினான் அரிகிருஷ்ணன்.

"அது காத்து இழுக்கற ஓட்டையில தண்ணி பூந்தா நின்னுடும்ணா."

கிளியம்மாள் தலையைத் தூக்கினாள். வரப்புக்கு அந்தப் பக்கம், நிரம்பித் தளும்பியபடி புறப்படத் தயாராக லாரி நின்றது.

"அத்த ஊத்து," என்றாள். "லாரித் தண்ணி மொத்தத்தையும் கெணத்துல ஊத்து. மேலேர்ந்து கொட்டு!"

அரிகிருஷ்ணன் லாரியைப் பார்த்தான். ஒரு கணம்தான். "ரிவர்ஸ்ல வாடா! வரப்ப ஒடச்சிகினு வா! பயிரப் பாக்காத!" என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடினான்.

அன்று காலை நனைந்த கதிர்களின் மேலேயே லாரி பின்பக்கமாக ஏறி வந்தது. பெரிய ரப்பர் குழாயைக் கிணற்றுக்குள் விட்டு அரிகிருஷ்ணனும் லாசரஸும் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் இன்ஜின் மேலே அருவியாக விழுந்தது. இன்ஜின் திணறியது. ஒரு முறை உரக்கச் சத்தம் போட்டது. வெள்ளை ஆவி கிளம்பியது. பிறகு நின்றது.

அந்த அமைதி இன்ஜின் சத்தத்தை விடப் பயங்கரமாக இருந்தது. தண்ணீர் விழும் ஓசையைத் தவிர ஒன்றுமில்லை. கீழே இருந்தவன் முகத்தில் சாரல் தெறித்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"இப்ப வுடு அண்ணி," என்றான் ஜெயவேலு. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"இன்னும் இல்ல."

வேப்பங்கிளைகளை வெட்டிக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் இறக்கி, ஏற்றியும் இறக்கியும் கிணற்றுக் காற்றைக் கலைக்கச் சொன்னாள். அவள் சித்தி ஊரில் மூன்று பேரும் போனபிறகு செய்ததை இவள் முன்னாலேயே செய்தாள். தண்ணீர் ஒரு பக்கம் விழ, இலைக்கட்டு ஒரு பக்கம் காற்றை அடித்தது. அதன்பிறகுதான் ஜெயவேலுவின் கால்மேலிருந்து எழுந்தாள். நனைந்த துண்டை அவன் மூக்கைச் சுற்றிக் கட்டினாள். வடக்கயிற்றை அவன் மார்பில் சுற்றி, அக்குளுக்குக் கீழே முடிச்சு போட்டாள். இழுத்துப் பார்த்து, முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டாள்.

"மூச்சு முட்டினா கயித்த ஆட்டு. ஆட்டலன்னாலும் இழுத்துடுவேன்."

ஜெயவேலு இறங்கினான். அண்ணன் அக்குளில் இன்னொரு கயிற்றைப் போட்டுக் கட்டினான். மேலே அரிகிருஷ்ணன், லாசரஸ், ஓடிவந்த ஊரார் எல்லாரும் இழுத்தார்கள். கிளியம்மாளும் இழுத்தாள். முனிரத்தினம் வெளியே வந்தபோது முகமெல்லாம் நல்ல சிவப்பாக இருந்தது. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தவன் முகம் மாதிரி. "உயிர் கீது, மூஞ்சி செவந்து கீது பாரு," என்று யாரோ சொன்னார்கள். கிளியம்மாள் அவன் மூக்கருகே தன் கன்னத்தை வைத்தாள். ஏதோ பட்ட மாதிரி இருந்தது. தன் மூச்சுதானோ என்று பயந்து, தன் மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடியும் வைத்தாள். இருந்தது.

காலியான தண்ணீர் லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். லாசரஸ் அடித்த ஆரனில் ஜி.எஸ்.டி. ரோடே ஒதுங்கியது. பின்னால் வெறும் தொட்டி டமடமவென்று அதிர்ந்துகொண்டே வந்தது. மடியில் அவன் தலை. அவள் வழி நெடுகிலும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் சொல்லாத பெயர்.

முனிரத்தினம் பிழைத்தான். பல நாள் கழித்துக் கண் திறந்து, அவளைப் பார்த்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்று கேட்டான். அவள் ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, "உயிருக்குப் பயமில்லம்மா. ஆனா புகை மூளைக்குப் போயிருக்கு. பழைய ஆளா வரக் காலம் பிடிக்கும். முழுசா வருவாரான்னு இப்ப சொல்ல முடியாது," என்றார்.

வீட்டுக்கு வந்தவன் முனிரத்தினம் போலத்தான் இருந்தான். ஆனால் சட்டைப் பொத்தானைப் போடக் கை நடுங்கியது. காலையில் பேசியது மத்தியானம் நினைவில் இல்லை. நடுநடுவே பேச்சை நிறுத்திவிட்டு எதையோ தேடுகிறவன் மாதிரி முழிப்பான். பயிர் அதற்குள் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. லாரி ஏறாத பக்கத்தைக் கிளியம்மாளே அறுத்து மாட்டுக்குப் போட்டாள். பிறகு போடுவதற்கு ஒன்றும் இல்லாமல் மாட்டையும் விற்றாள்.

குழாயடியில் ஊர்ப் பெண்கள் பேசியது அவள் காதுக்கு வராமல் இல்லை. "கொயுந்தன அப்பவே வுட்டிருந்தாக்கா அந்த ஆள இன்னும் சீக்கிரம் தூக்கியிருப்பான். இவதான் புடிச்சி ஒக்கார வெச்சிட்டா." அவளே அதைத் தனக்குள் ஆயிரம் முறை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சமயத்தை அளக்க அவளிடம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரமோ, வெகு நேரமோ. எங்கே எந்த மோட்டார் ஓடினாலும் அவள் கை தானாகப் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டது. பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வரச் சற்றுத் தாமதமானால் முதலில் கிணற்றைத்தான் போய் எட்டிப் பார்த்தாள்.

ஜெயவேலு அவளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள்.

"எம்மேல கோவமா?"

"கோவம் இல்ல அண்ணி." அவன் தரையைப் பார்த்தான். "அண்ணன் சட்டைப் பொத்தானோட போராடறதப் பாக்கச்சொல்ல, நீ என்னப் புடிச்சிகினு இருந்தது ஞாபகம் வருது. அம்மணியப் பாக்கச்சொல்லவும் அதேதான் ஞாபகம் வருது. இன்னா சொல்றதுன்னு தெரியல."

சித்திரைக் கடைசியில் அம்மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய அன்றைக்கே குழந்தையைக் கொண்டுவந்து கிளியம்மாள் மடியில் போட்டாள். போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

ஆனி பிறந்தும் வானம் வெளிறியே கிடந்தது. அரிகிருஷ்ணன் வந்தான். அவன் போரிலும் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வருவதாகச் சொன்னான். "உன் நெலம் தாழ்வு. அங்க போட்டா கெடைக்கும்மா. போடற செலவு என்னுது. ஓடற தண்ணியில பாதி ஒனக்கு, பாதி எனக்கு. புள்ளைங்கள வெச்சிகினு வேற இன்னா பண்ணப் போற?"

இன்னொரு பக்கம் நிலத்தைப் பிளாட்டுக்குக் கேட்டுத் தரகர்கள் வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீரை விற்றால் நிலமாவது இருக்கும். எவ்வளவு நாளைக்கு என்பதுதான் தெரியாது. "ஒரு பேச்சு," என்றாள். "எந்த இன்ஜினும் எதுக்குள்ளயும் எறங்கக்கூடாது."

போர் வண்டி வந்து, அந்தப் பாழாய்ப்போன கழனியில் நின்று, பாறைத் தூளை வெள்ளை மேகமாகக் கிளப்பியது. அரிகிருஷ்ணன் போரில் தண்ணீர் தட்டுப்பட்ட ஆழத்தைத் தாண்டி, அதற்கும் கீழே, அதற்கும் கீழே என்று குழாயை மாட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் கிளியம்மாளுக்குத் தன் காலடி மண்ணே உள்ளிருந்து கழன்று போவது போல இருந்தது. கடைசியில் சேறு கக்கிக்கொண்டு தண்ணீர் வந்தது. ஊரே கைதட்டியது.

மோட்டார் மாட்டிய நாள், காலையிலேயே லாசரஸ் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். கரண்டு வந்ததும் அரிகிருஷ்ணன் சுவிட்சைப் போட்டான். குழாய் வாயில் தண்ணீர் தெளிவாக விழுந்தது. லாசரஸ் ரப்பர் குழாயை எடுத்து மாட்டப் போனான்.

முனிரத்தினம் அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். தண்ணீரில் கையை வைத்தான். அவன் முகத்தில் இத்தனை மாசமாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. திரும்பி, கிணற்று மேட்டில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வாய்க்காலுக்குப் போனான். நடுங்கிய கையாலேயே மடையை வெட்டித் திறந்தான். தண்ணீர் வெறும் தரையில், காய்ந்த தாளடிகளுக்கு நடுவில், லாரிச் சக்கரம் பதிந்து இறுகிய தடத்தில் ஓடியது.

"அங்க ஒண்ணியும் இல்லப்பா முனிரத்தினம்," என்று அரிகிருஷ்ணன் மெதுவாகச் சொன்னான். அவனுக்குக் கேட்கவில்லை.

லாசரஸ் குழாயைக் கையில் பிடித்தபடி கிளியம்மாளைப் பார்த்தான். காலனியில் குடங்களோடு நிற்பவர்கள் அவளுக்கு ஞாபகம் வந்தார்கள்.

"கொஞ்சம் நிறுத்துப்பா," என்றாள். "நெனையற வரைக்கும் நெனையட்டும்."

லாசரஸ் லாரிக்குப் போய் இன்ஜினை அணைத்தான். அரிகிருஷ்ணன் டவலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

முதல் பாத்தி நிரம்பியது. "போதும்," என்றான் முனிரத்தினம், நிமிராமலே. "இத்த மூடிட்டு அடுத்ததுக்குத் திருப்பு கிளி."

அவள் புடவையை வரிந்து செருகிக்கொண்டு இறங்கினாள். கையாலேயே சேற்றை அள்ளி ஒரு வாயை அடைத்தாள், இன்னொன்றைத் திறந்தாள். ஒன்றும் விளையாத அடுத்த பாத்திக்குத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. குனிந்த நிலையிலேயே, விரலெல்லாம் சேறாக, போர் மோட்டாரின் சத்தம் சீராக இருக்கிறதா என்று அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.